காது குத்தும்போது யார் மடியில்?

1. முப்பத்திரண்டு ‘இல்லை’

முதல் நாள், நெல்லிவாசல்நாட்டு மலையூர் ஒன்றில் முப்பத்திரண்டு வீடு ஏறி இறங்கினேன். ‘உங்கள் குழந்தைகளை வெளி ஆள் யாராவது அழைத்துப் போயிருக்கிறாரா?’ என்பது எங்கள் சர்வே பாரத்தில் பன்னிரண்டாம் கேள்வி. முப்பத்திரண்டு வீட்டிலும் ‘இல்லை’ என்றார்கள். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற முகமாகவும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலைப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் கொண்டுபோகிறார்கள், பலர் திரும்புவதில்லை என்று அடிவாரமெல்லாம் பேச்சு. ஏன் போகிறார்கள் என்று ஆராய மெட்ராஸிலிருந்து ஒரு குழு வந்தது. நான் திருப்பத்தூர்ப் புளி மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தவன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் மண்டிக்கு வரும் பழைய பேப்பரில் படித்தது. மலைக்காரர் பேச்சு எனக்குப் பழக்கம் என்பதால் குழுத் தலைவி என்னை ‘ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர்’ ஆக்கினார். அவரை நாங்கள் மேடம் என்போம்.

மாலையில் ஸ்கெடியூல் என்ற அந்தக் கேள்விப் பாரங்களைப் புரட்டிவிட்டு மேடம் சொன்னார்: “எல்லாரும் இல்லைன்னா ஒண்ணு பிரச்சினையே இல்ல, இல்லாட்டி கேட்ட விதம் தப்பு.”

“கேள்வி நீங்க எழுதினதுங்க மேடம்.”

சிரித்துவிட்டார். “சரி, நாளையிலிருந்து பாரத்தை மூடி வெச்சிட்டு சும்மா பேசுங்க. உங்களுக்குத்தான் அது வருமே.”

வரும். எனக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பம் அதுதான். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பேன். யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்று அவர்கள் வாய்ச்சொல்லிலேயே குறித்துக்கொள்வேன். மண்டிக் காலத்திலிருந்தே அந்தப் பழக்கம்.

2. பரண் மேல் அம்மாக்கள்

சாமை முற்றிக் கிளி இறங்கும் பருவம். அந்த நாட்களில் மலையில் ஒவ்வொரு கொல்லையிலும் பரண் இருக்கும். பரண் மேல் பிள்ளைகள் கவணோடு உட்கார்ந்து கூச்சல் போட்டுக் கிளி ஓட்டுவார்கள். நான் போனபோது முதல் கொல்லைப் பரணில் ஒரு பெண்பிள்ளைக் குரல் கேட்டது. கிட்டே போனால் முப்பது வயது அம்மா. பெயர் சடைச்சி. என்னை மண்டியில் பார்த்திருக்கிறாள்.

“இன்னா சடைச்சி, பசங்க ஓட்டற கிளிய நீ ஓட்டிக்கினு கீற?”

“கிளிக்கு இன்னா அண்ணே தெரியும், கத்தறது ஆத்தாளா பொண்ணான்னு?” என்று கவணைச் சுழற்றினாள். கல் என் தலைக்கு மேலே பறந்தது. “நவுந்து நில்லு. மண்டிக்காரன் மண்டைய ஒடைச்சிட்டா எம் புளிய எவன் எடை போடுவான்?”

“பொண்ணு எங்க?”

“பூங்காவனமா? அவ மாமன் வூட்டுல கீறா.”

அடுத்த கொல்லையிலும் பரண் மேல் ஓர் அம்மா. அவள் மகனும் மாமன் வீட்டில். மூன்றாவது கொல்லையிலும் அதே பதில். திரும்பி ஓடிவந்து சடைச்சியிடம் கேட்டேன்: “இத்தினி பேருக்கும் யார்மே அந்த மாமன்?”

“மேஸ்திரி மாமன்தான். வேற யாரு?”

அவள் பரணிலிருந்து இறங்கிவந்து சொன்ன கதை இது. பூங்காவனத்துக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். சடைச்சியின் தம்பி மரம் வெட்டப் போனவன் வந்து சேரவில்லை. நேரம் போகிறது, பிள்ளை அழுகிறது. வேலைக்கு ஆள் பிடிக்க மலை ஏறியிருந்த மேஸ்திரி ஒருவர், “நான் மாமன் இல்லையா?” என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்குப் புதுப் பாவாடையும் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் மாமன். மாமன் இல்லாத வீடாகப் பார்த்துப் பார்த்து ஊரில் எட்டுப் பிள்ளைக்கு அப்படி உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்டு எட்டுப் பேரையும் அழைத்துப் போயிருக்கிறார்.

வெளி ஆள் யாராவது அழைத்துப் போனாரா என்று கேட்டால் அவர்கள் வேறென்ன சொல்வார்கள்? மாமன் வெளி ஆளா?

ஸ்கெடியூலில் காரணம் என்ற கட்டத்தில் ‘வறுமை’ என்று எழுதப்போனேன். சடைச்சி என் கையைத் தட்டிவிட்டாள்.

“சோத்துக்கு இல்லாம அனுப்பினேன்னு எழுதாத. சாமை கீது, களி கீது. மாமன் வாய் தொறந்து கேட்டா எப்பிடி இல்லேங்கறது? எழுத்து கத்துக் குடுக்கறேன்னான். இங்க பள்ளிக்கூடத்துல ஆடுதான் படுத்துனு கீது. பொங்கலுக்கு இட்டாறேன்னான். ரெண்டு பொங்கல் போச்சு.”

கவண் கயிற்றை விரலில் சுற்றினாள். பிறகு கேட்டாள்: “நீ இதெல்லாம் எழுதிக்கினு போனா எம் பொண்ணு வந்துடுவாளா அண்ணே?”

அந்தக் கேள்விக்குப் பாரத்தில் கட்டம் இல்லை. ‘தகவல் சேகரிக்க வேண்டும், தலையிடக் கூடாது’ என்பது குழுவின் விதி. ஆனாலும் எனக்குத் தெரிந்ததை மறைக்கவில்லை. வேறு ஊர்ப் பிள்ளைகளும் இப்படிப் போய்த் திரும்பவில்லை என்று சொன்னேன். அவள் பரண் மேல் ஏறிவிட்டாள்.

3. கீழே வைக்க முடியாத தட்டு

அறுப்பு முடிந்து அம்மன் திருவிழா வந்தது. மாமன்மார் வரிசைத் தட்டு கொண்டுவந்து அக்கா தங்கை கையில் கொடுப்பது அன்றைக்குத்தான். நானும் மேடமும் ஓரமாக நின்றோம். மேஸ்திரி வெள்ளை வேட்டியில் பெரிய தட்டோடு வந்தார். பழம், பாவாடை, வளையல் எல்லாம் இருந்தன.

“வாங்கிக்க தங்கச்சி.”

சடைச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “எங்கையில எதுக்கு? பாவாடை கட்டறவ கையில குடு. எங்க அவ?”

“அவ நல்லா கீறா. லீவு இல்ல.”

“மாமன் வூட்டுல கீறவளுக்கு இன்னாத்துக்குய்யா லீவு?”

கூட்டம் சிரித்தது. ஆனால் மற்ற அம்மாக்களும் ஒவ்வொருவராகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மேஸ்திரி தட்டைத் தரையில் வைக்கக் குனிந்தார். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் குரல் கொடுத்தார்: “கீழ வெச்சா உறவு அத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்பறம் இந்த மலையில கால் வெக்கக் கூடாது. யோசிச்சு வையி.”

வைக்கவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் அந்த மனிதர் தட்டோடு நின்றார். வெயில் ஏறியது. தட்டு சாய்ந்து பழம் ஒன்று உருண்டது. அதை எடுத்து யாரோ மறுபடி தட்டிலேயே வைத்தார்கள். கடைசியில், “பசங்கள இட்டாறேன்” என்றார்.

“நீ மட்டும் போயி இட்டார வேணாம். எங்க ஆளுங்களும் வருவாங்க” என்றாள் சடைச்சி. அவள் புருஷனும் இன்னும் இருவரும் புறப்பட்டார்கள். நான் மேடத்தைப் பார்த்தேன். தலையிடக் கூடாது என்ற விதியை எழுதியவரே அவர்தான். கையை நீட்டினார். “நோட்டை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க.”

மேஸ்திரியை முன்னால் விட்டு, அவர் பிள்ளைகளைச் சேர்த்திருந்த வீடுகளுக்கும் சூளைக்கும் போனோம். மறுநாள் மாலை பஸ்ஸில் ஏழு பிள்ளைகளோடு திரும்பினோம். எட்டாவது பையனைச் சூளைக்காரர்கள் எங்கோ மாற்றி அனுப்பியிருந்தார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தோம், நாங்களும் பலமுறை தேடினோம். கிடைக்கவில்லை. அவன் அம்மா கையைக் கட்டிய நிலையிலேயே நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பூங்காவனத்தின் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். “எழுத்து கத்துக்கினியாடி?” என்றாள் சடைச்சி. பிள்ளை குந்தி உட்கார்ந்து மண்ணில் விரலால் நான்கு எழுத்து போட்டது. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இன்னா எழுதிக்கீறா, படி அண்ணே” என்றாள். படித்தேன். பூங்காவனம் வேலை செய்த வீட்டு எஜமானியின் பெயர். பாத்திரத்தில் வெட்டியிருந்ததைத் தேய்த்துத் தேய்த்து விரலில் ஏறிய எழுத்து. அது என்ன சொல்கிறது என்று பிள்ளைக்கே தெரியாது.

4. என் பெயர் உள்ள பாரம்

மேடம் பன்னிரண்டாம் கேள்வியை அடித்துவிட்டு என் சின்ன நோட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார்: ‘குழந்தைக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைத்தீர்கள்?’ அடுத்த மூன்று ஊரில் அந்தக் கேள்விதான் எங்களுக்கு வழி காட்டியது. களப்பணிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: யாரைக் கண்டு பயம் என்று கேட்காதீர்கள். யாரை நம்பினார்கள் என்று கேளுங்கள்.

மறு வருஷம் சடைச்சி தன் சின்ன மகனைத் தூக்கிக்கொண்டு மண்டிக்கே வந்துவிட்டாள். நாளைக்குக் காதுகுத்து.

“எந் தம்பி இன்னும் வரல, மடி காலியா கீது அண்ணே. வா.”

“நானும் வெளி ஆளுதான் சடைச்சி. ஒரு தடவ பட்டது போதாதா?”

“அதான் உன்ன கேக்கறேன். உக்காந்துட்டு ஓடிப்போனா மண்டி எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்.”

உட்கார்ந்தேன். பையன் என் சட்டையெல்லாம் நனைத்தான். அவனுக்குப் பரண் ஏறும் வயசு வந்ததிலிருந்து ஒவ்வொரு சாமைப் பருவத்திலும் மலை ஏறி, பரண் மேல் அவன் குரல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.

சில வருஷம் கழித்து அதே மலையில் புதிதாக ஓர் இளைஞர் சர்வே எடுத்தார். நேரே மண்டிக்கு வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, விறைப்பாகக் கேட்டார்: “காது குத்தும்போது ஒரு பையன் உங்க மடியிலன்னு பாரத்துல எழுதியிருக்கு. அவன் இப்ப எங்க இருக்கான்?”

இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. தராசை நிறுத்திவிட்டு, அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினேன்.