பஃப் கை

ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குச் செல்வியக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "சித்தி, இன்னும் ஒரு வாய்" என்றாள். அந்தச் "சித்தி" எனக்கு இன்றும் சுருக்கென்று தைக்கிறது.

பெரியம்மா இறந்ததும் தளவாய்புரத்திலிருந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள் அக்கா. கொஞ்ச நாளிலேயே என்னைப் போல அவளும் "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். எண்பதுகளில் ஒரு தீபாவளிக்கு எங்கள் இருவருக்கும் ஒரே துணியில் கவுன் தைக்கக் கொடுத்தாள் அம்மா. பச்சையில் வெள்ளைப் பூ. டெய்லர் அளந்து பார்த்துவிட்டு, "பஃப் கைக்குத் துணி ஒருத்திக்குத்தான் காணும். மூத்த மகளுக்கு வச்சிரட்டுமாக்கா?" என்றார். அம்மா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"அவ எங்கம்மா மக இல்ல. பெரியம்மா மக."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அக்காதான், "அவளுக்கே வைங்க" என்றாள். திரும்பி நடக்கையில், "சித்தி, துணிப்பையை நான் தூக்கிட்டு வாரேன்" என்றாள். பிறகு அவள் அம்மாவை அம்மா என்று கூப்பிடவே இல்லை. நான் அந்தக் கவுனைக் கிழியும் வரை போட்டேன்.

கிண்ணத்தை எடுக்க வந்த நர்ஸ் அக்காவிடம், "பத்து நாளா நீங்கதான பாத்துக்கிடுறிய, மகளா?" என்று கேட்டார்.

காலையில்தான் பஸ்ஸில் வந்திறங்கிய என்னைக் காட்டி, "இல்ல சிஸ்டர், இவதான் மக" என்றாள் அக்கா.