ஸ்பிரிட் விளக்கில் எரிந்த பச்சை

நாரணாபுரத்துக் கரிசலில் தனி ஆளாக ஓட்டுக் கொட்டகை போட்டு மத்தாப்புக் கம்பெனி நடத்தியவன் நான். கூலிக்குத் தீக்குச்சி அடுக்கிய கை இது. மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் என் தரைச்சக்கரத்தில் எரிகிற பச்சையைப் போல ஒரு பச்சை, படித்த முதலாளி எவனுக்கும் வரவில்லை. எங்கள் சபைக் கோயிலின் கூரையும் மணியும் என் காசு. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

விசுவாசிகளே, இவ்வளவும் கட்டிய எனக்கு ஒரே பிள்ளை, சாராள். அவளை ஒரே பகலில் பறிகொடுக்க இருந்தேன்.

அணாவும் நயா பைசாவும் சேர்ந்து புழங்கிய காலம். தீபாவளி சீசன் முடிந்தால் கம்பெனியில் வேலை இருக்காது. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பல்பொடி போட்டேன். சீமைச் சுண்ணாம்பு, உப்புத் தூள், கிராம்பு, சீனி, கொஞ்சம் ரோஸ் சாயம். எங்கள் தொழிலில் கலவையைப் பெண்டாட்டிக்கும் சொல்லமாட்டோம். பல்பொடியையும் அப்படித்தான், கொட்டகைக் கதவை அடைத்துக்கொண்டு நானே கலந்தேன்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. சாயங்கால பஸ்ஸில் மல்லாங்கிணறு கடைகளுக்குப் போகவேண்டிய புதுப் பல்பொடி லோடு மூட்டை கட்டிக் கிடந்தது. சாராள் காலையில் வாந்தி எடுத்தாள். பிறகு பேதி. பக்கத்து வீட்டுக்காரி, "காலராடி, பிள்ளைகள உள்ள கூப்பிடுங்க" என்று கதவைச் சாத்தினாள். உச்சி வெயிலில் பிள்ளைக்குக் கால் நிற்கவில்லை. வண்டி பூட்டித் திருத்தங்கல் மிஷன் மருந்தகத்துக்கு ஓட்டினேன்.

வழியெல்லாம் ஜெபித்தேன். "ஆண்டவரே, உமக்குக் கூரை போட்டவன் கேட்கிறேன். மணி வாங்கியவன் கேட்கிறேன்." போய்ச் சேரும்போது அவளுக்குக் கழுத்தும் நிற்கவில்லை.

டாக்டர் மதுரைக்குப் போயிருந்தார். நர்ஸ் ஞானம்மாள்தான் இருந்தார். பிள்ளையின் கையைத் தூக்கி விட்டார். துணி மாதிரி விழுந்தது.

"இது காலரா மாதிரி தெரியல அண்ணாச்சி. பிள்ள என்ன தின்னுச்சு?"

என் மனைவி பொன்னம்மா சொன்னாள்: "கஞ்சி கூடக் குடிக்கலம்மா. பல்பொடியத்தான் அள்ளி அள்ளித் தின்னா. இனிப்பா இருக்காம்."

"அதுல என்னென்ன போட்டீக?"

"அது தொழில் ரகசியம்லா" என்றேன்.

"ஆமா, ஒங்க கலவையத் திருடி நான் ஒரு கம்பெனி வைக்கப் போறேனாக்கும்!"

சொன்னேன். நான் சொன்னதில் விஷம் எதுவும் இல்லை. நர்சம்மா உதட்டைப் பிதுக்கினார். பிள்ளைக்கு மூச்சு மேலே மேலே வாங்கியது.

முழங்கால் போட்டேன். இந்தத் தடவை கூரையும் மணியும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, காரணத்தைக் காட்டும்." அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தேன். எதிரில் ஸ்பிரிட் விளக்கு. அதன்மேல் ஊசி போட்ட கிண்ணம் கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்காரருக்குக் காட்ட என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பல்பொடிப் பொட்டலம் இருக்கும். எதைக் கண்டாலும் நெருப்பில் போட்டுப் பார்க்கிறவன் நான். ஒரு சிட்டிகை எடுத்துச் சுடரில் தூவினேன்.

பச்சையாக எரிந்தது. என் பச்சை.

பச்சை வெளிச்சத்துக்கு நாங்கள் போடுகிற வெள்ளைத் தூளுக்குப் பச்சுப்பு என்று பெயர். கொட்டகையில் அதன் டின்னும் உப்புத் தூள் டின்னும் ஒரே பலகையில் இருந்தன. இரண்டும் ஒரே வெள்ளை. கதவை அடைத்த இருட்டில் கை மாறியிருக்கிறது.

"நர்சம்மா, பச்சுப்பு! சக்கரத்துக்குப் போடுறது. டின்ன மாத்தி எடுத்துட்டேன்."

அவர் என்னை ஏசவில்லை. ஓடிப்போய்ப் பேதியுப்பைக் கரைத்து வந்தார். "வயித்துல கெடக்குற வெசத்த இது கட்டிப்போடும். ரத்தத்துல ஏறுனதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஜெபம் பண்ணுங்க."

பொன்னம்மா மகளின் தலையைத் தாங்கியபடி என்னைப் பார்த்தாள். "இங்கன ஏன் நிக்கீக? அந்த மூட்டை பஸ்ஸுல ஏறப்போகுது. ஊரான் பிள்ளைகளும் இனிப்புன்னு திங்கும்லா!"

கம்பவுண்டரின் சைக்கிளை எடுத்தேன். திரும்பி வரும்போது மகள் இருப்பாளோ இல்லையோ, தெரியாது. ஊருக்கு மிதித்தேன். மூட்டையோடு பஸ் புறப்பட்டுவிட்டது. குறுக்கே சைக்கிளைப் போட்டு மறித்தேன். "ஏலே, சாகவா வந்தே?" என்று டிரைவர் கத்தினார். மேலே ஏறி மூட்டையை உருட்டித் தள்ளினேன். ஒரு பொட்டலம் விடாமல் குழி வெட்டிப் புதைத்தேன்.

இருட்டும்போது மருந்தகத்துக்கு வந்தேன். மூச்சு இருந்தது. விடியும்போது சாராள் கால் பெருவிரலை அசைத்தாள். பொன்னம்மா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஸ்தோத்திரம்.

அன்றோடு பல்பொடியை விட்டேன். கம்பெனி டின் ஒன்றுகூட வீட்டு வாசலைத் தாண்டாது. ஒவ்வொரு டின்னிலும் உள்ளே இருப்பதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் ஜெபத்தில் நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பிள்ளையை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வாய்க்குள் போனது என்னவென்று மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நமது சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்தில் இதைச் சொல்லும்போது கர்த்தரைச் சொல்கிறார், நர்சம்மாவைச் சொல்கிறார், என்னை மட்டும் "டின்னை மாற்றி எடுத்த ஒரு மனுஷன்" என்கிறார். மகிமை கர்த்தருக்கே, நன்றி நர்சம்மாவுக்கு. ஆனால் நெருப்பில் தூவிப் பார்த்தது யார்? பஸ்ஸை மறித்தது யார்? மாற்றி எடுத்த கையைச் சொன்னால், தூவிப் பார்த்ததும் அதே கைதான் என்று சேர்த்துச் சொல்லவேண்டும். பெயரோடு.