குனிய மறுத்தவர்

உப்பல் பக்கத்துத் துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில், ஏ.டி.எம். பணவண்டிக் காவலர்களான எங்களோடு நரைத்த கொண்டையும் காக்கிச் சட்டையுமாக ஒரு பெண்ணும் இருந்தார். சுட்டபின் மிஞ்சும் காலித் தோட்டாக்களை எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்பதால், நாங்கள் அவற்றை உள்ளங்கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் ரிவால்வரில் புதியவற்றை ஒவ்வொன்றாகச் செருகுவோம். அவரோ காலிகளைத் தரையில் உதறிவிட்டு, ஆறு தோட்டாக்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஸ்பீட்லோடரை வைத்து ஒரே அழுத்தில் நிரப்பிவிடுவார்.

“காலியை முதல்ல பொறுக்கும்மா!” என்று அதட்டினார் செகந்திராபாத் தமிழரான பயிற்சியாளர்.

“நக்கோ சார், இப்ப வேணாம். சுட்டு முடிச்சுட்டுப் பொறுக்கறேன். திருடன் வந்தா, ‘இருப்பா, காலியைப் பொறுக்கிக்கறேன்’னு சொல்லவா?” என்றார் அவர், குறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் சட்டைப்பையில் காலிகள் பத்திரமாக இருந்தன. ரிவால்வரில் இன்னும் ஒரு தோட்டாகூட ஏறவில்லை.