ராசம்மாவுக்கு ஜுரம் இல்லை

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு குழந்தை செத்தது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே படிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

எழுபதுகளின் கடைசி. திருப்புலிவனத்தில் எங்கள் வீட்டுக்கு நான் மூத்த மருமகள். செல்வி என் கொழுந்தனின் மனைவி. அவளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீடு என்று போக அவளுக்கு யாரும் இல்லை. ஆகவே மருத்துவச்சியை அமர்த்துவது என் பொறுப்பாயிற்று.

எங்கள் பக்கத்தில் கைராசிக்காரி என்றால் காலனி ராசம்மாதான். என் பிள்ளைகள் இருவரையும் எடுத்தவள் அவளே... ஆனால் எங்கே? மாட்டுக் கொட்டகையில்! காலனிக்காரி வீட்டுக்குள் வரக்கூடாது. அதனால் பிள்ளை பெறுபவள் கொட்டகைக்குப் போகவேண்டும். அதுதான் வழக்கம். நானும் சாணி வாடையில், கோணிமேல் படுத்துத்தான் பெற்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

செல்வி பேசினாள். "கொட்டாய்ல பெத்துக்க மாட்டேங்க்கா. ராசம்மா வூட்டுக்குள்ளவே வரட்டும். இன்னா ஆயிடும்?"

என்ன ஆகிவிடும்? ஊர் பேசும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். எனக்குக் கிடைக்காத உள்ளறை இவளுக்கு மட்டும் எதற்கு என்ற எரிச்சல்... அதுதான் மீதி. இன்றுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

வலி கண்ட காலையில், ராசம்மாவை அழைத்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன். ஏரிக்கரையில் அவளே எதிரே வந்தாள், அடுத்த ஊர் நடவுக்குப் போய்க்கொண்டு.

"சின்னம்மாவுக்கு எப்டி கீது?" என்று கேட்டாள்.

"இன்னும் நாள் கீது, நீ போ" என்றேன்.

திரும்பி வந்து செல்வியிடம், ராசம்மாவுக்கு ஜுரமாம், வர முடியாதாம் என்றேன். எங்கள் தெருக் குப்பம்மாளை அழைத்து வந்தேன். எங்கள் ஜனம், வீட்டுக்குள் வரலாம். அவள் பிரசவம் பார்த்துப் பத்து வருடமாகிறது, கண்ணும் மங்கல். அதெல்லாம் எனக்குத் தெரியும்.

கால்தான் முதலில் வந்தது. குப்பம்மாள் பதறிப்போய் இழுத்தாள். என் இளையவனும் கால் முன்னே வந்தவன்தான். ராசம்மா இழுக்காமல் காத்திருந்து எடுத்தாள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. அழவே இல்லை.

இத்தோடு என் குற்றம் முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை...

அடுத்த மாதம் எங்கள் கழனிக்குக் களையெடுக்க வந்த ராசம்மாவைச் செல்வி வரப்பில் நிறுத்தினாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஜொரம்னு வராம வுட்டியே ராசம்மா. நீ வந்திருந்தா எம் பொண்ணு பொயச்சிருக்குமே."

ராசம்மா என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. எங்கள் கழனிக் கூலியில்தான் அவள் வீட்டில் உலை வைத்தார்கள்.

"ஆமாம்மா" என்றாள் செல்வியிடம். "எயுந்திருக்கவே முடில."

பிறகு குனிந்து களையெடுக்கப் போய்விட்டாள்.

செல்விக்கு அப்புறம் பிள்ளையே இல்லை. ராசம்மாவோடு அவள் மறுபடி பேசவும் இல்லை. மூவரும் உயிரோடுதான் இருக்கிறோம்... நானும் செல்வியும் ஒரே வீட்டில். நேற்றும் அவள்தான் எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.