பெரிய வியாழனில் என் இடது கால்

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, பெரிய வியாழன் மாலையில் எங்கள் உறையூர் மாதா கோயிலில் பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். போன வருடம் அந்தப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன்.

ஏழு வருடச் சடங்குகளைத் தேதிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஏழிலும் வலது கால் மட்டும்தான். ஆகவே வலது காலுக்கு நகம் வெட்டி, குதிகாலைக் கல்லால் தேய்த்து, எண்ணெயும் பூசினேன்.

"இடது கால் யார் வீட்டுதுங்க?" என்றாள் மனைவி.

"அதுக்கு இன்னைக்கு வேலை இல்லம்மா."

தில்லை நகர் திருப்பத்தில் வண்டியை நிறுத்தியபோது, வலது காலைக் காப்பாற்ற இடது காலைச் சேற்றில் ஊன்றினேன்.

கோயிலில் எனக்குக் கடைசி நாற்காலி. புதிதாக வந்திருந்த தந்தை முதல் ஆளின் முன் குனிந்து, "ரெண்டு காலையும் வைங்க" என்றார். அவர் என்னிடம் வந்து சேர்வதற்குள் காலில் சேறு காய்ந்துவிட்டது; சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

வலது காலை நீட்டினேன்.

"இன்னொண்ணு?"

"வேண்டாம் ஃபாதர், அசிங்கமா இருக்கு."

"சீடர் பேதுருவும் இயேசுகிட்ட முதல்ல வேண்டாம்னுதான் சொன்னாரு. கொடுங்க."

விரலிடுக்கில் அவர் தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் கறுத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் சிரிப்பை இருமலாக்கினார். தந்தை மெதுவாகச் சொன்னார்: "மத்தவங்க எல்லாம் வீட்டுலயே கழுவிட்டு வந்துட்டாங்க. நான் நிஜமா கழுவுனது உங்க காலைத்தாங்க."

பிறகு அந்த இடது காலுக்கு முத்தம் கொடுத்தார். இந்தச் சடங்கைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். நாம் ஒளித்து வைக்கும் காலுக்காகத்தான் இது நடக்கிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.