ஆள்காட்டி முட்டைக்கு நட்ட கொடி

உத்திரமேரூரைத் தாண்டி, சாலையோரப் புன்செய்க் கொல்லை ஒன்றில் பூவையும் பூச்சியையும் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தும்பைச் செடியில் ஏழு எறும்புகள். எட்டாவதைத் தேடிக் குனிந்தபோது தலைக்கு மேல் ஆள்காட்டிப் பறவை கத்துகிறது. காலருகே, வெறும் மண்ணில் நான்கு முட்டைகள். மண்கட்டியின் நிறம். மிதித்திருப்பேன். நெருங்கிப் படமெடுத்துக்கொள்கிறேன்.

எதிர்க்கோடியில் டிராக்டர் உழத் தொடங்குகிறது. பதறிப்போய் என் சிவப்புக் கைக்குட்டையை ஒரு குச்சியில் கட்டி முட்டைகளுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டு, ஓட்டுநரைப் பார்த்துக் கையாட்டியபடி போகிறேன். பாதி வழியில் திரும்பினால், ஒரு பெண் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னிடம் வருகிறார்.

“இன்னா சார், ப்ளாட் போட வந்துகீறியா? பக்கத்துக் கொல்லையில இப்டித்தான் மொதல்ல கொடி நட்டாங்கோ, அப்பால கல்லு நட்டாங்கோ. நாங்க குத்தகைக்கு ஓட்றவங்கோ. இத்த வுட்டா வேற பொழப்பு இல்ல!”

கேமராவில் படத்தைக் காட்டுகிறேன். பார்த்ததும் அவருக்கு மூச்சு திரும்புகிறது.

“த்தூ, நாலு முட்டைக்கா கட்சிக்காரன் கணக்கா கொடி நட்ட?”

“எந்த இடத்துலம்மா புடுங்கினீங்க?”

அவர் ஓர் இடத்தைக் காட்டுகிறார். பிறகு வேறோர் இடத்தை. டிராக்டரை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறார். அது நிற்கிறது. இருவரும் நடந்து வந்து தேடுகிறோம். கொல்லை முழுக்க மண்கட்டிகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்: நான்கு முட்டைகள், சுற்றிலும் ஒரு சாண் மண், அவ்வளவுதான்.

“நவுராத சார்,” என்கிறார் அவர்.

இருவருமே அடுத்த அடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறோம்.