மன்னிப்புக் கேட்ட வாய்

எங்கள் தோட்டத்தில் மன்னிப்புக் கேட்பதற்குத் தப்பு செய்திருக்க வேண்டிய அவசியமில்லை. மேனேஜர் முகம் சிவந்திருந்தால் போதும். முதலில் மன்னிப்பு, பிறகுதான் பேச்சு. மழையில் லோரி சேற்றில் சிக்கினாலும் கேட்போம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை பழுக்காமல் இருந்தாலும் கேட்போம். அவர் கோபம் ஆறும், நாங்கள் வேலையைப் பார்க்கப் போவோம். ரப்பர் மரம் சீவிய காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. எனக்கும் யோசிக்காமலே வாயில் வரும்.

ரந்தாவ் டவுனைத் தாண்டி உள்ளே இருக்கும் அந்தத் தோட்டத்தில் நான் உர ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் மூட்டைகள் குறைந்திருந்தன. பூட்டு உடையவில்லை. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று ஆபீசில். ஆபீஸ் சாவி யார் யார் கைக்குப் போகும் என்பது தோட்டத்து நாய்க்குக்கூடத் தெரியும். ஆனாலும் சந்தேகம் நேராக என்மேல்தான் வந்து உட்கார்ந்தது. ஆபீசில் இருப்பவர்கள் உரமெல்லாம் திருட மாட்டார்கள் பாருங்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் ஆள், பேசுவதை எழுதிக்கொள்ள எங்கள் ஆபீஸ் குமாஸ்தா, கிராணி. மூட்டை காணாமல் போனது உண்மையா என்று மேனேஜர் மலாய் மொழியில் கேட்டார். குரல் ஏறியிருந்தது. நான் எழுந்து நின்று, "மிந்தா மாஆப், துவான்" என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா என்று. அதற்குப் பிறகு, நான் எடுக்கவில்லை என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் முதலில் கேட்ட மன்னிப்பை மட்டும் கிராணி எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் வேலை போனது. வீடும் தோட்டத்து வீடு. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நானும் மகளும்தான். அவள் ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்பிஎம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரந்தாவ் டவுனில் ஓர் அறை எடுத்துவிட்டால் தேர்வு முடியும்வரை பள்ளிக்கு நடந்தே போவாள். வாடகைக்கு எங்கே போவது? வேலை இழந்தவர்களுக்குக் காப்புறுதியில் சில மாதம் உதவித்தொகை தருவார்கள், அதற்கென்று உன் சம்பளத்திலும் பிடித்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். அதை நம்பித்தான் அறைக்காரரிடம் பேசி வைத்தேன்.

சிரம்பானில் அந்தக் காப்புறுதி அலுவலகக் கவுன்டரில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். நல்ல பிள்ளை. கணினியையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகத் திரும்பினாள்.

"அக்கா, ஆள் குறைச்சாங்கன்னா கிடைக்கும். தப்பு பண்ணதுக்காக நிறுத்தினா கிடைக்காது லா. எஸ்டேட்ல கேட்டுட்டோம். நீங்களே ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டீங்களாம்."

"நான் எடுக்கலம்மா."

"அப்புறம் ஏன்க்கா மன்னிப்பு கேட்டீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். டவுனில் பிறந்த பெண். அவளுக்கு என்னவென்று சொல்வது? திருடி என்றபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்தக் கேள்விக்குத்தான் கூனிக் குறுகிப் போனேன். மேல்முறையீடு செய்யலாம், வேலையை விட்டு நிறுத்தியது தவறென்று தொழிலாளர் இலாகாவிலும் புகார் கொடுக்கலாம் என்று அவளே சொல்லிக்கொடுத்தாள். இரண்டையும் செய்தேன். இன்னும் பதில் வரவில்லை. அறைக்காரர் அதுவரை காத்திருப்பாரா? வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

அறை கைவிட்டுப் போன அன்று சாயங்காலம் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். ராசா ஊரில் சித்தி வீட்டுக்குப் போகிறோம், அங்கிருந்து விடியுமுன் பஸ் பிடித்துப் பள்ளிக்கு வர வேண்டும் என்றேன். சரி என்றாள். புத்தகத்தை மூடி வைத்தாள்.

"அம்மா, நீ நெசமா எடுக்கலதானே?"

எடுக்கலடி என்றேன். உண்மையில் அவளிடம்தான் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், அந்த அறைக்காக. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் இவளும் வேறு மாதிரி எடுத்துக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையிடம் பயந்தேன். வாயை மூடிக்கொண்டு பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கினேன்.

சாமான் ஏற்ற லோரி சொன்ன நாளில் வரவில்லை. அதனால் வீட்டுச் சாவியை ஒரு நாள் தாமதமாகத்தான் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அதே கிராணி உட்கார்ந்திருந்தார்.

"நேத்தே குடுத்திருக்கணும். ஒரு மன்னிப்பு கேட்டா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துரும்?"

வழக்கம்போல அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். கதவருகே போகும்போது அவர் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது.

"இந்தத் திமிராலதான் ஒனக்கு வேலை போச்சு."